மடம் கேட்கும் சம்மதம்

அன்புள்ள தம்பிக்கு,

போன ஞாயிற்றுக்கிழமை இந்தியாவிலிருந்து தொலைபேசியில் நீ கேட்டதற்கு நான் பதில் சொல்லவில்லை. "யோசிச்சுச் சொல்லுறன்" என்றேன், "சாப்பிட்டியோ?" என்றேன், அதற்குள் லைன் அறுந்துவிட்டது. அறுந்தது நல்லதுக்குத்தான். இல்லாவிட்டால் வாய்க்கு வந்ததைச் சொல்லியிருப்பேன், நீயும் அதைப் பிடித்துக்கொண்டு வாதாடியிருப்பாய். லண்டனில் படித்துக் கலாநிதிப் பட்டம் வாங்கிய என் ஒரே மகன், கர்நாடகத்துச் சோளக்காட்டுக்கு நடுவே இருக்கும் திபெத்திய மடத்தில் துறவியாகச் சேரப் போகிறானாம். அதற்குத் தாயின் சம்மதம் வேண்டுமாம். எதையும் என்னைக் கேட்டுச் செய்யாத பிள்ளை இதை மட்டும் கேட்கிறாய், கேட்காமல் அவர்கள் சேர்க்க மாட்டார்கள் என்பதால். சரி, கேட்டுவிட்டாய். பதில் சொல்வது என் வேலை. ஆனால் நான் ஒரு சொல்லில் பதில் சொல்லிப் பழகியவள் இல்லை என்று உனக்குத் தெரியும். பொறுமையாய் இருந்து வாசி.

எழுத உட்கார்ந்தால் பதில் வருவதற்கு முன் பழைய நாட்கள்தான் வருகின்றன. எண்பத்து நான்கில் நாம் லண்டனில் செவன் கிங்ஸுக்கு வந்து சேர்ந்தபோது உனக்குப் பன்னிரண்டு வயது. கொழும்பில் கணிதம் படிப்பித்த நான், பக்கத்து ஊரான பார்க்கிங்கில் ஒரு பள்ளிக்கூடச் சமையலறையில் கஸ்டர்ட் கிண்டினேன். அப்பா பெட்ரோல் ஷெட்டில் நின்றார். சனிக்கிழமைகளில் உன்னைத் தமிழ் வகுப்புக்குக் கூட்டிப் போவேன். அங்கே தேவாரம் பாடமாக்க வேண்டும். பொருள் தெரியாமல் பாடமாக்க மாட்டேன் என்று நீ ஒற்றைக் காலில் நின்றாய். "முதல் பாடமாக்கு, பொருள் பிறகு தன்ர பாட்டிலை வரும்" என்பேன் நான். "விளங்காததை ஏன் அம்மா வாய்க்குள்ளை வச்சிருக்கோணும்?" என்பாய் நீ. பஸ்ஸிலும் இதே சண்டைதான், வீட்டுக்கு வந்து கோட்டைக் கழற்றும்போதும் இதே சண்டைதான். அப்பா வேலை உடுப்போடு சோபாவில் சாய்ந்துகொண்டு, "ரெண்டு பேரும் கோர்ட்டிலை போய் வழக்குப் பேசுங்கோ, நான் கொஞ்சம் கண்ணயரப் போறன்" என்பார். கடைசியில் எனக்குப் பயந்து ஒரு பதிகம் முழுக்கப் பாடமாக்கினாய். முகத்தை மட்டும் ஒரு கிழமைக்கு, ஏழு நாளும், உம்மென்று வைத்திருந்தாய். நீ கோபித்துக்கொண்டு இருந்த அந்த முகத்தை இப்போது நினைத்தாலும் எனக்குச் சிரிப்பு வரும். அந்த வீட்டில் மூன்று பேர் இருந்தோம். அந்தச் சத்தமெல்லாம் மூன்று பேரின் சத்தம்.

அப்பா போனபோது உனக்குப் பதினாறு. ஷெட்டில் வேலையில் நிற்கும்போதே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்தார். அதைத் திரும்ப எழுத எனக்கு ஏலாது, உனக்கும் வேண்டாம். மொட்டை அடித்து, வேட்டிக்கு மேலே பள்ளிக்கூடக் கோட்டைப் போட்டுக்கொண்டு கொள்ளி வைத்தாய். இந்த ஊரில் கொள்ளி என்பது தகனசாலைச் சுவரில் இருக்கும் ஒரு பொத்தான். ஊரிலென்றால் பெண்கள் சுடலைக்குப் போவதில்லை. இங்கே நான் வந்து உன் பக்கத்தில் நின்றேன். உன் மொட்டைத் தலையை நான் பார்த்தது அன்றைக்குத்தான். காதுகள் இரண்டும் பெரிதாய்த் தெரிந்தன.

பிறகு நீ பல்கலைக்கழகத்துக்குப் போனாய். ஊர்ப் பிள்ளைகள் எல்லாரும் டாக்டர், எஞ்சினியர், எக்கவுண்டன்ட் என்று போக, நீ சரித்திரம் என்றாய். அதையே நான் தாங்கிக்கொண்டேன். இரண்டாம் வருடம் குசினி வாசலில் வந்து நின்று, "அம்மா, நான் திபெத் மொழி படிக்கப் போறன், அதோட பௌத்தமும்" என்றாய். நான் பருப்புக்குத் தாளித்துக்கொண்டிருந்தேன். கடுகு கருகிவிட்டது. உனக்கு அது ஒரு பாடம், எனக்கு அது ஒரு காவித் துணி. கொழும்பில் நாங்கள் வீட்டை விட்டு இறங்கி ஓடிய காலத்தில் அந்தத் துணி மேடையில் நின்று தமிழருக்கு எதிராகக் கோபமாகப் பேசியதைக் கேட்டவள் நான். துறவிகள் எல்லாரும் அப்படி இல்லை என்று புத்திக்குத் தெரியும். வயிற்றுக்குத் தெரியாதே. லண்டன் தெருவில் காவி உடுத்த ஒருவர் எதிரே வந்தால் நான் மறு பக்கத்துக்குப் போய்விடுவேன். இதை உனக்கு அப்போது சொல்லவில்லை. கோயிலில் பரமேஸ் அக்கா பிடித்துக்கொண்டார். "உன்ர பெடியன் புத்தசமயம் படிக்கிறானாம், உண்மையோ?" "இல்லை அக்கா, மொழி படிக்கிறான்." "என்ன மொழி?" "ஆசிய மொழி." "அது நாங்கள் வீட்டிலை கதைக்கிறதுதானே, அதுக்கு யூனிவர்சிட்டி என்னத்துக்கு?" என்றார். பிரசாதத்தை வாங்கிக்கொண்டு ஓடி வந்துவிட்டேன்.

ஆனால் நீ படித்த விதம் எனக்குப் பிடித்திருந்தது, தம்பி. அதை ஒளிக்க மாட்டேன். வகுப்பில் நீயும், வேலையிலிருந்து ஓய்வெடுத்த ஒரு வெள்ளைக்கார அம்மாவும், ஆக இரண்டே பேர். உன் பேராசிரியை சைக்கிளில் வந்து, கலைந்த தலையோடு பாடம் எடுப்பாராம். ஒரு வசனத்துக்கு ஒரு கிழமை. வேறு வேறு ஊர்களில் அச்சான ஒரே புத்தகத்தை மேசையில் பக்கத்தில் பக்கத்தில் விரித்து, எதில் எந்தச் சொல் மாறியிருக்கிறது என்று பார்ப்பீர்கள். சமஸ்கிருத மூலம் கிடைத்தால் அதையும் எடுத்து வைப்பீர்கள். சிறு சிறு அட்டைகளில் சொற்களை எழுதி என் குசினி அலுமாரிக் கதவெல்லாம் ஒட்டி வைத்தாய். சீனி டப்பாவை எடுக்கப் போனால் வினைச்சொல் ஒன்று முகத்தில் இடிக்கும். ஒரு நாள் துள்ளிக் குதித்துக்கொண்டு வந்தாய். "அம்மா, இந்த அச்சுப் பலகையிலை எழுத்துச் செதுக்கினவன் ஒரு வரியைத் தவற விட்டிட்டான், பாவம், நித்திரை தூங்கியிருப்பான். இவ்வளவு காலமும் ஒருத்தரும் கவனிக்கேல்லை!" என்றாய். எவனோ எந்தக் காலத்திலோ தூங்கியதைக் கண்டுபிடித்ததற்கு அத்தனை சந்தோஷம். படிகளில் ஒன்று விடுபட்டால் விடை சரியென்றாலும் புள்ளி போடாதவள் நான். அதனால் உன் சந்தோஷம் எனக்கு விளங்கியது. அப்பா போனபிறகு நீ வீட்டுக்குள் சிரித்துக்கொண்டு வந்தது அன்றுதான்.

கெஷே வந்தது அதற்குப் பிறகு, நீ ஆராய்ச்சி மாணவனாக இருந்தபோது. உங்கள் துறை அவரை இந்தியாவிலிருந்து மாணவர்களோடு இருந்து நூல் வாசிக்க அழைத்திருந்தது. கெஷே என்பது அவர் பெயர் என்று நான் கன நாள் நினைத்திருந்தேன். அது அவர்களுடைய பட்டம், இருபது வருடத்துக்குக் கிட்டப் படித்தால்தான் கிடைக்கும் என்று நீ சொன்னபிறகுதான் தெரியும். கிறிஸ்மஸ் விடுமுறைக்கு மாணவர் விடுதியைப் பூட்டிவிட்டார்கள், அவருக்குப் போக இடமில்லை என்று, என்னிடம் ஒரு சொல் கேட்காமல் வீட்டுக்குக் கூட்டி வந்துவிட்டாய். கதவைத் திறந்தால் கருஞ்சிவப்புத் துணி. மேலே கம்பளித் தொப்பி. எனக்குக் கை கதவிலேயே நின்றுவிட்டது. அவர் என் முகத்தைப் பார்த்தார். பார்த்துவிட்டு, "அம்மா, உள்ள வரலாமா? வெளியில ரொம்பக் குளிருது" என்றார். தமிழில்! நீயும் வாயைப் பிளந்தாய். உனக்கே தெரியாது. "கோயம்புத்தூர்ல எங்க அக்கா ரோட்டோரம் ஸ்வெட்டர் விப்பாங்கம்மா. சின்னப் பையனா இருக்கறப்ப நானும் கூட உக்காருவேன். எனக்குப் பேரம் பேசுற தமிழ் மட்டும்தான் தெரியும்" என்றார். தமிழ் பேசுகிற ஒருவரை எப்படியடா குளிரில் நிற்க வைப்பது? உள்ளே விட்டேன்.

அந்த இரண்டு கிழமை மாதிரி இந்த வீடு பிறகு எப்போதும் கலகலப்பாய் இருந்ததில்லை. அவர் சோபாவில் சப்பணம் கட்டிக்கொண்டு டீவியில் ஸ்னூக்கர் பார்ப்பார். நான் வேலையில் கற்றுக்கொண்ட கஸ்டர்டை இரண்டு கோப்பை சாப்பிடுவார். எதைக் கேட்டாலும் ஸ்வெட்டர் விற்கும் தமிழில்தான் பதில். ஒரு நாள் நான் குத்தலாகவே கேட்டேன். "உங்கட புத்தர் சொன்னதெல்லாம் உண்மை எண்டு எப்பிடி நம்புறது?" அவர் கோபிக்கவில்லை. "நம்பி வாங்கக் கூடாதும்மா. இழுத்துப் பாக்கணும். வெளிச்சத்துல புடிச்சுப் பாக்கணும். உள்பக்கம் தையலைப் பாக்கணும். அவரே அப்படித்தான் சொல்லியிருக்காரு" என்றார். நீ வருடக்கணக்காகப் படித்ததை விளக்கியும் எனக்கு ஏறாதது அன்று ஏறியது என்று சொன்னேன். நீ கொஞ்சம் முகத்தைச் சுழித்தாய்.

மடத்தில் எப்படிப் படித்தீர்கள் என்று கேட்டபோது தன் கதையைச் சொன்னார். பத்து வயதில் போனாராம். முதல் சில வருடங்கள் மனப்பாடம் மட்டும்தான். விடியற்காலையில் கத்திக் கத்திப் படித்து, பின்னேரம் ஆசிரியருக்கு முன்னால் பார்க்காமல் ஒப்புவிக்க வேண்டும். பொருள் யாரும் சொல்லித் தர மாட்டார்கள். "அது அப்புறம்மா. மொதல்ல உள்ள போகணும். உள்ள இல்லாததை வச்சு எப்படி யோசிப்பீங்க?" என்றார். நான் திரும்பி உன்னைப் பார்த்தேன். செவன் கிங்ஸ் பஸ்ஸில் நான் தொண்டை கிழியச் சொன்னதும் இதுதானே! நீ சிரித்துவிட்டு, கைகளைக் கட்டிக்கொண்டு, அந்தப் பழைய பதிகத்தை ஒரு சொல் பிசகாமல் சொல்லி முடித்தாய். முதன்முறையாக நீ அதைப் பொருள் தெரிந்து சொன்னாய் என்று உன் குரலில் எனக்குத் தெரிந்தது. கெஷே, "அப்ப இவனுக்குப் பாதி ட்ரெய்னிங் வீட்லயே முடிஞ்சிருச்சே" என்றார். அந்த மடத்துக்குப் போகும் வழியில் முதல் அடியை உன்னை எடுத்து வைக்கச் செய்தவள் நான்தானோ என்று இப்போது யோசிக்கிறேன்.

பிறகு வாதம். மனப்பாடத்துக்குப் பிறகு அவர்களுக்கு வருடக்கணக்காக அதுதானே படிப்பு. ஒருவர் தரையில் இருப்பார், மற்றவர் நின்று கேட்பார். கேள்வி முடிகிற இடத்தில் இடது காலை ஓங்கித் தரையில் மிதித்து, உள்ளங்கைகளைப் படாரென்று தட்ட வேண்டும். இருப்பவர் நீட்டி முழக்க முடியாது. ஏற்கிறேன், ஏன், காரணம் நிற்கவில்லை, அதனால் இது வராது என்று இப்படிச் சில பதில்கள்தான். முன் அறையில் நீ மிதித்த மிதியில் பக்கத்து வீட்டு வெள்ளைக்காரக் கிழவர் பயந்து கதவைத் தட்டி, எல்லாரும் சுகமாய் இருக்கிறீர்களா என்று கேட்டார். நான் அவருக்கும் ஒரு கோப்பை கஸ்டர்ட் கொடுத்து அனுப்பினேன். எனக்கு ஆசை வந்துவிட்டது. "நானும் இருக்கிறன், என்னோடை வாதாடுங்கோ" என்றேன். என்ன கட்சி எடுக்கிறீர்கள் என்று கெஷே கேட்டார். "என்ர மகன் எனக்குச் சொந்தம்" என்றேன்.

அவர் எழுந்து நின்றார். "சொந்தம்னா நீங்க சொன்னபடி கேக்கணும்?" "ஓம்." "மகன் உங்க பேச்சைக் கேக்கறானா?" "எங்கை கேக்கிறான்!" "அப்ப அவன் உங்களுக்குச் சொந்தம் இல்லை!" என்று மிதித்துக் கையைத் தட்டினார். நீ வெற்றி உனக்குத்தான் என்பது போல இளித்தாய். நான் விடுவேனா? "அதாலை இது வராது" என்றேன். "ஏன்?" "என்ர முழங்காலும் நான் சொன்னபடி கேக்கிறேல்லை. படியேறச் சொன்னால் மாட்டன் எண்டுது. அதுக்காக அது என்ர முழங்கால் இல்லையெண்டு ஆயிடுமோ?" கெஷே தட்டத் தூக்கிய கை அப்படியே நிற்க, ஒரு கணம் யோசித்தார். பிறகு சிரிக்கத் தொடங்கியவர், சிரித்துச் சிரித்துத் தரையிலேயே இருந்துவிட்டார். சொந்தம் என்றால் சொன்னபடி கேட்க வேண்டும் என்று முதலில் ஏன் ஒத்துக்கொண்டாய் அம்மா, அங்கேயே மறுத்திருக்க வேண்டும் என்று நீ எனக்குப் பாடம் எடுத்தாய். நான் காதில் வாங்கவில்லை. வென்றது நான்.

அடுத்த வருடம் அவருடைய விசாவை நீட்டிக்க வேண்டியிருந்தது. குரோய்டனில் இருக்கும் குடிவரவுக் கந்தோரைப் பற்றி இந்த வீட்டில் என்னைவிடத் தெரிந்தவர் யார்? அப்பாவும் நானும் அந்த வரிசையில் நின்று நின்று கால் தேய்ந்தவர்கள். சான்ட்விச் கட்டிக்கொண்டு, விடிந்ததும் கெஷேயையும் உன்னையும் கூட்டிப் போனேன். நீ தேத்தண்ணீர் வாங்கப் போன இடைவெளியில் அவரிடம் கேட்டேன். "நீங்கள் மடத்துக்குப் போக உங்கட அம்மா விட்டவாவோ?" திபெத்திலிருந்து மலை தாண்டி வரும்போதே தன் அம்மா இறந்துவிட்டதாகச் சொன்னார். அப்பாவும் இருக்கவில்லை. "அதனால அக்காகிட்ட கேட்டாங்க. அக்கா அன்னைக்குப் பூரா பேசவே இல்ல. ஒரு ஸ்வெட்டர் கூட விக்கல. சாயங்காலம்தான் சரின்னாங்க." பெற்றவர்கள் சம்மதிக்காமல் யாரையும் சேர்க்கக் கூடாது என்பது சட்டம் என்றார். "புத்தர் சொந்த மகனையே கேக்காம மடத்துல சேத்துட்டாரும்மா. தாத்தா அழுதுட்டாரு. இனிமே வீட்ல கேக்காம யாரையும் எடுக்காதேன்னு சொன்னாரு. புத்தரும் ஒத்துக்கிட்டாரு." எனக்கு அந்தத் தாத்தாவைப் பிடித்துவிட்டது. கெஷே என்னைத் திரும்பிப் பார்க்காமல், வரிசையில் முன்னால் நின்றவரின் முதுகைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "உங்க பையன் ஒரு நாள் கேப்பான். நீங்க வேணாம்னா நான் எடுக்க மாட்டேன்."

அன்றைக்கே எனக்குத் தெரியும், தம்பி. நீ கேட்பதற்கு முன்பே பதிலையும் ஆயத்தப்படுத்திவிட்டேன். மாட்டேன் என்பதுதான் பதில். ஏன் என்று உனக்கு ஒளிக்காமல் சொல்கிறேன். துணி இல்லை. அந்தப் பயம் கஸ்டர்டோடு போய்விட்டது. எனக்குக் கொள்ளி வைக்க யார் என்பதுதான். நீ ஒரே பிள்ளை என்பதால் தகப்பனுக்கும் தாய்க்கும் உன் கைதான். அதே வரிசையில் நின்று கெஷேயிடம் இதையும் கேட்டேன். அவருக்குக் கொள்ளி என்ற சொல் விளங்கவில்லை, ஸ்வெட்டர் விற்கிற இடத்தில் அது வந்திருக்காது. விளக்கினேன். "அம்மா இறந்துட்டா எங்க ஆளுங்க வருவாங்க, கூட உக்காந்து படிப்பாங்க, அம்மாவுக்காக வாரக்கணக்கா விளக்கேத்துவாங்க. தீ வைக்கறதைப் பத்தி நான் படிச்சதில்லை" என்றார். தெரியாததைத் தெரியாது என்று சொன்னது எனக்குப் பிடித்தது, ஆறுதலாய் இருக்கவில்லை. கோயிலில் ஐயரைக் கேட்டேன். "சந்நியாசிக்குக் கர்மம் செய்யிற உரிமை இல்லை அம்மா" என்று சொல்லிவிட்டு அடுத்த அர்ச்சனைத் தட்டை வாங்கிக்கொண்டார்.

நீ கேட்ட ஞாயிறுக்குப் பிறகு இந்தக் கிழமை முழுக்க நான் சரியாய்ச் சமைக்கவில்லை. செவ்வாய்க்கிழமை உன் பேராசிரியர் கூப்பிட்டார். அவருக்கும் நீ சொல்லியிருக்கிறாய். உனக்கு இங்கே பல்கலைக்கழகத்தில் விரிவுரையாளர் இடம் ஒன்று காத்திருக்கிறதாம். மடத்துக்குள் போன தன் மாணவர்கள் எழுதுவதை நிறுத்திவிட்டார்கள், உங்கள் மகனும் அப்படிப் போய்விடக் கூடாது, நீங்கள் சம்மதிக்காவிட்டால் அவன் திரும்பி வருவான் என்றார். நல்ல மனுசி, உன்னில் உயிரை வைத்திருக்கிறார். அவர் சொன்னது முழுக்க எனக்குச் சாதகமான பேச்சு. அப்படியிருந்தும் ஏனோ எனக்குக் கோபம் வந்தது. என் வாயில் இருந்த பதிலை இன்னொருவர் சொல்லக் கேட்டபோது அது எனக்கே பிடிக்கவில்லை. யோசித்துச் சொல்கிறேன் என்று அவருக்கும் அதே பதிலைச் சொல்லி வைத்துவிட்டேன்.

பிறகு உன் சித்தியின் மகள் சுபா குரோய்டனிலிருந்து வந்தாள். அவளுக்கு முன்னால் அழக் கூடாதென்று நினைத்தேன், அழுதுவிட்டேன். கொள்ளிக் கதையைச் சொன்னேன். அவள் பிஸ்கட்டைத் தேத்தண்ணீரில் தோய்த்துக்கொண்டே, "பெரியம்மா, டோன்ட் வொரி, அந்த பட்டனைத்தானே? நான் அமத்துறன்" என்றாள். இவ்வளவு வருடம் நான் சுமந்ததை அவள் ஒரு பிஸ்கட் தின்று முடிப்பதற்குள் இறக்கி வைத்துவிட்டாள். பெண்பிள்ளை வைக்கலாமா என்று ஐயரைக் கேட்கப் போவதில்லை. அவர் சொல்லப் போவது எனக்குத் தெரியும், நான் செய்யப் போவதும் எனக்குத் தெரியும்.

அதற்குப் பிறகு வேறொன்று விளங்கியது. என்னிடமிருந்து போனவை எதுவும் என்னைக் கேட்டுப் போகவில்லை. கொழும்பு வீடு கேட்கவில்லை. நாடு கேட்கவில்லை. நான் படிப்பித்த கணிதம் கேட்கவில்லை. உன் அப்பா காலையில் கோட்டை மாட்டிக்கொண்டு வேலைக்குப் போனவர், அவரும் கேட்கவில்லை. இந்த மடம் ஒன்றுதான் வாசலுக்கு வெளியே நின்று, உள்ளே வரலாமா அம்மா என்று கேட்கிறது. நான் இல்லை என்றால் திரும்பிப் போய்விடும். அப்படிக் கேட்கத் தெரிந்த இடத்தில் என் பிள்ளை இருப்பதற்கு நான் ஏன் பயப்பட வேண்டும்?

சில காரியங்கள் சொல்ல இருக்கின்றன, குறித்து வைத்துக்கொள். உன் பேராசிரியருக்கு எழுது. அவர் கற்றுத் தந்த கண்ணை மடத்து வாசலில் செருப்போடு கழற்றி வைத்துவிடாதே. செதுக்கியவன் தூங்கிய இடத்தை மடத்துக்குள் இருந்தும் நீ கண்டுபிடிக்கலாம், எழுதலாம். யாராவது வேண்டாம் என்றால், தையலைப் பார்க்கச் சொன்னது யார் என்று கெஷேயிடம் கேள். வாதத்தில் தோற்றால் உம்மென்று இருக்காதே. உன்னோடு மனப்பாடம் செய்யும் சிறுபிள்ளைகள் அழுதால், நான் உன்னை விரட்டிய மாதிரி விரட்டாதே, கொஞ்சம் சீனி கொடு. வெறுங்காலோடு ஈரத் தரையில் நிற்காதே. ஒரு நாள் இது எனக்குச் சரிவராது என்று தோன்றினால், துணியை மடித்துக் கொடுத்துவிட்டு நேரே வீட்டுக்கு வா. அதற்கும் அவர்களிடம் வழி இருக்கிறதாம், வெட்கமில்லையாம், கேட்டு வைத்திருக்கிறேன். எந்த நிறத்தில் வந்தாலும் கதவைத் திறப்பேன். படி ஏற மறுத்தாலும் நீ என் முழங்கால்தான், அந்தக் கட்சியை நான் இன்னும் விடவில்லை.

மேலே எழுதியதில் ஒன்று பிழை, திருத்திவிடுகிறேன். எதையும் என்னைக் கேட்டுச் செய்யாத பிள்ளை என்று எழுதினேன். ஒரு முறை கேட்டாய். அப்பாவின் பெட்டி எங்களுக்கு முன்னால் இருந்தது. ஐயர் தலையை அசைத்துவிட்டார். எல்லாரும் உன்னையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். நீ பொத்தானில் விரலை வைத்துவிட்டாய், ஆனால் அமத்தவில்லை. அந்த மொட்டைத் தலையைத் திருப்பி என்னைப் பார்த்து, "அம்மா, அமத்தட்டோ?" என்று கேட்டாய். இல்லை, இன்னும் கொஞ்ச நேரம் அவர் இருக்கட்டும் என்று சொல்லத்தான் எனக்கு இருந்தது. ஆனால் ஓம் என்றேன். என் வாழ்நாளில் நான் சொன்னதிலேயே கடினமான சொல் அதுதான். நான் சொன்னபிறகுதான் உன் விரல் அசைந்தது.

தலை முழுக்க மழித்து, உச்சியில் ஒரு கற்றையை மட்டும் விட்டு வைப்பார்களாம், கெஷே சொல்லியிருக்கிறார். அதை வெட்டுவதற்கு முன், வீட்டில் சம்மதமா என்று கேட்பார்களாம். அப்போது நான் பக்கத்தில் நிற்க மாட்டேன். இந்த முழங்காலோடு அவ்வளவு தூரம் வர ஏலாது. நீ அன்றைக்குப் போலத் தலையைத் திருப்பிப் பார். காது இரண்டும் பெரிதாய்த் தெரியும். நான் அங்கேதான் நிற்கிறேன் என்று வைத்துக்கொள்.

ஓம் ராசா.

அம்மா